ஒரு பக்கம் சுவர் வைத்த தட்டு

வாதம் வந்து வலக்கை விழுந்த பிறகு என் மனைவி எங்களோடு மேசையில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். இடக்கையில் கரண்டி பிடித்தால் சோறு தட்டைத் தாண்டி விழும். மகனும் மருமகளும் பார்க்கக் கூடாதென்று குசினியில் அடுப்பருகே தனியே, சுவரைப் பார்த்தபடி இருப்பாள். ஒரு நாள் நாற்பத்தொரு பருக்கை சிந்தியிருந்தது. துடைக்கிறவன் நான், எண்ணாமல் இருக்க முடியாது.

துறைமுக வீதியில் ஒரு கடையின் பின்னறையில் ஜப்பானியப் பாணித் தட்டுச் செய்யப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இதற்காகவே சேர்ந்தேன். ஏழு பேர் இருந்தோம். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே களிமண்ணை வைத்து உருளையால் தட்டையாக்க வேண்டும். சட்டத்தின் உயரம்தான் தட்டின் தடிப்பு. பிறகு கடதாசி அளவு வைத்து நீள்சதுரமாக வெட்டி, கரையை விரலால் சற்றே நிமிர்த்த வேண்டும். நான் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் உயரத்துக்குச் சுவர் ஒட்டினேன். கரண்டி தள்ளும் சோறு அதில் முட்டி நிற்க வேண்டும்.

பக்கத்திலிருந்த மூதூர்க்காரர் எட்டிப் பார்த்தார். "தட்டுச் செய்யச் சொன்னா தொட்டி கட்டுறீங்க ஐயா. மீன் வளர்க்கவோ?"

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் சுவர் இல்லை.

"கரை பிழைச்சுப் போச்சு ஐயா, வெட்டி நேராக்கி விட்டனான்," என்றாள் பழக்குகிற பெண்.

"ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்?"

"ஜப்பான் தட்டெண்டால் கரை உயராமல் பதிவாத்தான் இருக்கும்."

"ஏன், ஜப்பானிலை ஒருத்தருக்கும் கை விழுறேல்லையோ?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். கேட்டிருக்கலாம். 'ஏன் இந்தச் சுவர்?' மூன்று சொல். அதற்கு நேரமில்லை, வெட்டுவதற்கு நேரமிருந்தது!

மறுபடியும் மண் உருட்டிச் சுவரை ஒட்டினேன். கடற்காற்று பட்டால் மூலை கிளம்பிவிடும். தட்டைப் பலகையில் வைத்து ஈரத்துணியால் மூடும் வரை நான் நகரவில்லை. வீடு இருக்கிற அன்புவழிபுரம் வரை மண் கையோடுதான் வந்தேன்.

பதினாறாம் நாள் தட்டு சூளையிலிருந்து வந்தது. அதில் சோறு போட்டு, மேசையில் வைத்து, மனைவியைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தாள். அப்போதுதான் கண்டேன்: சுவர் இடப்பக்கம்; அவள் இடக்கையோ சோற்றை வலப்பக்கமாகத்தான் தள்ளும். என் வலக்கையால் தள்ளிப் பார்த்தல்லவா அளந்திருந்தேன்! வந்த ஆத்திரத்தில் மேசையில் ஓங்கி அடித்தேன். பழக்கினவளையும் ஏசினேன், என்னையும் ஏசினேன்.

"இஞ்சாருங்கோ, இதுக்கு ஏன் கத்துறீங்கள்?"

இடக்கையால் தட்டை அரை வட்டம் திருப்பினாள். சுவர் அவளுக்கு வலப்பக்கம் வந்து நின்றது.

நாலு பக்கமும் அளந்தவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மகனும் மருமகளும் எதிரே இருந்தார்கள். அவள் எழும்பிப் போகவில்லை.

மேசையைத் துடைத்தேன். ஒன்பது பருக்கை.