செங்கம்மா வீட்டு ஆணி

நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் தை கழிந்தால் போதும், செங்கம்மா வீட்டுச் சுவர் ஆணியில் சாவிகள் தொங்க ஆரம்பித்துவிடும். திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம்தான் கொடுப்பார்கள். ஊரே நம்புகிறதே என்று அவள் ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை. அந்த ஆணியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகளோடு சூளையில் வெந்தவள் அவள். மூத்தவனின் படிப்பு போனதும் அங்கேதான்.

இப்போது அவள் உபாதி வேலைக்கு மேட். நாம் நூறு நாள் வேலை என்பதை அங்கே உபாதி என்றுதான் சொல்கிறார்கள். ஆட்களைச் சேர்ப்பதும், காலையிலும் மத்தியானமும் போனில் வருகைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்புவதும் அவள் பொறுப்பு.

இந்த வருஷம் யாமினியின் சாவி மட்டும் ஆணியில் ஏறக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். புருஷனை இழந்த யாமினி சூளைக்குப் போனால் மகள் நந்திதாவையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். நந்திதாவுக்குப் பங்குனியில் பத்தாவது பரீட்சை.

"ஏரி வேலை திங்கக்கெழம தெறக்கறாங்க. நீ எங்கியும் போவாத" என்றாள். அதற்காக மண்டல ஆபீசுக்கு நடந்த நடை அவள் செருப்புக்குத்தான் தெரியும். யாமினியும் நம்பி, வரவில்லை என்று சூளை மேஸ்திரி நாகபூஷணத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

வேலை திறந்தது. வறண்ட ஏரிக்குள் சிக்னல் கிடையாது. ஆனால் மண்வெட்டியைத் தொடுமுன் கரையை ஒட்டிய பாறை மேல் இருக்கும் கங்கம்மாவுக்குக் கற்பூரம் காட்டுவது வழக்கம். எல்லோரும் ஏறினார்கள். அங்கே சிக்னல் வந்ததும் செங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. குங்குமம் வைத்த முகங்களை வரிசையாக நிறுத்தி அங்கேயே படம் பிடித்து அனுப்பிவிட்டாள். மத்தியானமும் எல்லோரையும் மேலே ஏற்றினாள்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து போன் வந்தது. எங்கே எடுத்தது என்பது படத்தோடு பதிவாகிவிடுமாம்; வேலை நடக்கிற இடத்தில் எடுத்ததல்ல, அதனால் அன்றைய வேலை செல்லாதாம். முதுகு ஒடிய மண் சுமந்ததெல்லாம் வீண்.

செங்கம்மா வீடு வீடாகப் போனாள். "தப்பு என்னுது. திட்றதுன்னா என்னத் திட்டுங்க." திட்டவும் திட்டினார்கள். யாமினி மட்டும் திட்டாமல் சாவியை நீட்டினாள்.

"காலைல லாரி வருதுக்கா. இத்த நம்பிக்கினு நான் எப்பிடி இருக்கறது?"

செங்கம்மா அதை ஆணியில் மாட்டவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் ஏரிக்கு வந்தவர்கள் பாதிப்பேர்தான். அவர்களை வெட்டும் மண்ணிலேயே நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பிறகு அதை அனுப்புவதற்குத் தான் மட்டும் பாறை ஏறினாள். முட்டி தேய்ந்த கால். நாலு எட்டு வைப்பாள், உட்காருவாள், முனகிக்கொண்டே எழுந்திருப்பாள். ஊருக்கு ஊர் இப்படி ஒருத்தி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கரை ரோட்டில் சூளைக்கு ஆள் ஏற்ற நின்ற லாரியில் இருந்து நந்திதாதான் முதலில் பார்த்தாள். "அம்மா, செங்கம்மா அத்தை பாரு, பாறை மேல!"

போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற செங்கம்மா திடீரென்று ஏரியே அதிரக் கத்தினாள். "பூட்ச்சி! படம் ஆபீசுக்குப் பூட்ச்சிடீ!"

அந்த முட்டி சூளையில் மண் மிதித்துத் தேய்ந்தது என்று யாமினிக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு தினமும் இரண்டு தரம் பாறை ஏறப்போகிறவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது? மேஸ்திரி கத்தக் கத்த, மூட்டையைக் கீழே தள்ளிவிட்டு மகளோடு இறங்கினாள்.

செங்கம்மா பாதித் தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே வந்தபோது இருவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"சாவி குடுக்கா" என்றாள் யாமினி.

செங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியை நந்திதாவின் கையில் வைத்தாள்.

"நீ வூட்டத் தெறந்து பையை எடுத்துக்கினு இஸ்கோலுக்குப் போ. உங்கம்மா கூடையத் தூக்கட்டும்."