அண்ணி எழுதிய 'கணக்கு சரி'

எங்கள் அண்ணி ஒரு பயந்தாங்கொள்ளி. இருட்டுக்குப் பயப்பட மாட்டார், கரப்பான்பூச்சியைக் கையாலேயே அடிப்பார். கோபமாகப் பேசும் ஆட்களைக் கண்டால்தான் நடுக்கம். யாராவது குரலை உயர்த்தினால் போதும், தப்பு யார் மேல் இருந்தாலும் இவர் மன்னிப்புக் கேட்டுவிடுவார். இப்படிப்பட்டவர் அட்டைப்பெட்டி செய்து கடனுக்கு விற்றால் என்ன ஆகும்?

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து வேலையை விட்டபிறகு, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடகு வைத்து மெஷின் வாங்கியது அண்ணிதான். கீழ்த்தளத்தில் மெஷின் ஓடும். மாடியில் அண்ணன் படுத்திருப்பார். நானும் அண்ணியும் பசையும் அட்டைத்தூளுமாக நாள் முழுக்கப் பெட்டி மடிப்போம். எங்களிடம் அதிகமாக வாங்கியவர் ஒரு பிஸ்கட் கம்பெனி முதலாளி. பணம் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் நாளைக்குக்காரர்.

ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு முன்பு வரை, பத்து மாதம் அவருக்குப் பெட்டி போனது. ஒப்பந்தம் கிடையாது. எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில்கூட எழுதி வாங்கவில்லை. அவருடைய கேட் காவலாளி கையெழுத்துப் போட்ட டெலிவரி சீட்டுகள் மட்டும் ஒரு பைலில் இருந்தன. இந்த வருஷம் மற்ற ஆர்டர்களும் குறைந்து வங்கித் தவணை ஆறு மாதம் நின்றுபோனது. வீட்டை ஏலம் விடப்போவதாகக் கடிதம் வந்தது. நாளைக்குக்காரர் தர வேண்டியது வந்தால் வீடு தப்பும், வராவிட்டால் நாங்கள் நடுத்தெருவில்.

அன்றைக்கே அண்ணியை இழுத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். படி ஏறும்போதே அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கேஸு கோர்ட்டுன்னு உங்க அண்ணன் காதுல விழுந்தா அவர் நெஞ்சு தாங்காதும்மா."

"வீடு போனா மட்டும் தாங்குமா? நடங்க அண்ணி."

வக்கீலம்மா எடுத்த எடுப்பில் கேட்டது தேதிதான். "கடைசியா பெட்டி எப்போ போச்சு?"

கடைசிச் சீட்டைப் பார்த்து நான் சொன்னேன்: "மூணு வருஷம் ஆக இன்னும் பன்னிரண்டு நாள் இருக்குங்க."

"அப்போ அந்தப் பன்னிரண்டு நாள்தான் உங்க கையில. அதுக்குள்ள வழக்குப் போடணும். தாண்டிட்டா கோர்ட்டு உங்க பேச்சை எடுத்துக்காது. இல்லேன்னா, பாக்கி இருக்குன்னு அந்தாளே எழுத்துல ஒத்துக்கணும். கெடு முடியறதுக்குள்ள எழுதிட்டா, அந்தத் தேதியிலேருந்து மறுபடியும் மூணு வருஷம்."

பாக்கி என்றால் என்றைக்கும் பாக்கிதான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்!

பைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு ரசீதின் நகலில் நின்றார். நாளைக்குக்காரர் கடைசியாகக் கொஞ்சம் பணம் தந்தபோது அண்ணி எழுதிக் கொடுத்தது. தொகைக்குக் கீழே அழகான கையெழுத்தில் 'கணக்கு சரி'.

"இது என்னம்மா?"

"எண்ணிப் பார்த்தேன், நோட்டு சரியா இருக்குன்னு அர்த்தம். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன். வெறும் கையெழுத்துப் போட்டா, ஒரு மரியாதையா இருக்காதே."

"மொத்தக் கணக்கும் தீர்ந்துடுச்சுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்கன்னு அவர் சொல்வார்."

வாய்வரைக்கும் வந்த திட்டை நான் விழுங்கினேன். அந்த ரசீதுகளுக்கெல்லாம் கார்பன் வைத்துக் கொடுத்தவளே நான்தான். ஒரு நாளாவது வாசித்துப் பார்த்தேனா?

வக்கீலம்மா வழக்குக்குக் காகிதம் தயார் செய்துகொண்டே, ஒரு வக்கீல் நோட்டீஸும் அனுப்பினார். அதற்குப் பிறகு வாசல் மணி அடித்தால் ஏலக்காரன், போன் அடித்தால் நாளைக்குக்காரர் என்று எங்களுக்குத் தூக்கிவாரிப்போடும். அண்ணன் மாடியிலிருந்து இருமினால்கூட நான் பதறிப்போய்ப் படியேறினேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மடித்த பெட்டிகளில் பாதி கோணல்.

ஏழாம் நாள் மத்தியானம் அண்ணியின் போன் சிணுங்கியது. நாளைக்குக்காரரின் செய்தி. அதைப் படித்த அண்ணி அப்படியே அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன்.

'நோட்டீஸா விடுறீங்க? ஒரு காசு தர மாட்டேன். நனைஞ்சு வந்த எண்ணூறு பெட்டியைக் கழிச்சா உங்க பாக்கியில பாதிதான் நிக்கும். அதையும் முடிஞ்சா வாங்கிப் பாருங்க. வீட்டுக்காரருக்கு உடம்பு வேற சரியில்ல, பார்த்து நடந்துக்குங்க.'

கடைசி வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், அண்ணியின் கட்டைவிரல் அந்தச் செய்தியை அழிக்கப் போய்க்கொண்டிருந்தது. போனை வெடுக்கென்று பிடுங்கினேன்.

"என்ன பண்றீங்க அண்ணி?"

"குடும்மா! உங்க அண்ணன் பார்த்துடப் போறாரு!"

கொடுக்கவில்லை. பசைக் கையோடு அப்படியே வக்கீலம்மாவிடம் ஓடினோம்.

அவர் இரண்டு முறை படித்தார். முதல்தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். "கோபத்துல உளறிக் கொட்டியிருக்கார். தர மாட்டேன்னு சொன்னா என்ன, 'உங்க பாக்கி'ன்னு அவரே எழுதிட்டார். அவர் நம்பர் இருக்கு, தேதி இருக்கு. இனிமே எல்லாம் தீர்ந்துடுச்சுன்னு சொன்னா நான் இதை எடுத்து நீட்டுவேன். மிரட்டினதுக்கும் சேர்த்துப் பார்த்துக்கலாம். நாளைக்கே வழக்கைப் போட்டுடுவோம்."

எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அவர் சாதாரணமாகக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எழுதியிருக்காரா? இருந்தா எல்லாத்தையும் கொடுங்க. கேஸ் இன்னும் நல்லா நிக்கும்."

அண்ணி முந்தானை நுனியைத் திருகினார். "மாசம் ஒண்ணு ரெண்டு வரும். பாக்கியைக் கேட்டு நச்சரிக்காதே, இத்தனைதானே தரணும், அப்படின்னு. கூடவே கன்னாபின்னான்னு திட்டு."

"எங்கே அதெல்லாம்?"

"படிச்ச உடனே அழிச்சிடுவேன். பயமா இருக்குமே."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்:

"அப்போ மூணு வருஷமா அந்தாளை நான்தான் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கேனா?"