முக்கால் வயலின்

என் அக்காவுக்கு வயது நாற்பத்து நான்கு, உயரம் நாலடி எட்டு அங்குலம், குணம் யார் சொல்லையும் கேட்காதது. இருபத்திரண்டு வருஷமாக அவள் பக்கத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் மூன்றையும் நான் தைரியமாகச் சொல்லலாம்.

எங்களுடையது ஆல்டரேஷன் கடை. புதுத் துணி தைப்பதில்லை. எங்கேயோ வாங்கிய கோட்டும் பேன்ட்டும் பள்ளிச் சீருடையும் உடம்புக்குச் சரிப்படாமல் எங்களிடம் வந்து சேரும். அக்கா அளவெடுத்துச் சாக்குக்கட்டியால் கோடு போடுவாள், நான் தையலைப் பிரிப்பேன், அவள் பிடித்துத் தைப்பாள். கடைக்கு நேர் மேலே, மாடியில், பெரியவர்களுக்கான வயலின் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். பதினோரு வருஷமாக அந்தச் சத்தம் கூரை வழியாக எங்கள் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தலைவலி. அக்காவோ ஆறு மணி ஆனால் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிடுவாள். "இப்ப ஒருத்தர் தப்பா வாசிச்சார் பாரு," என்பாள். கொஞ்ச நேரத்தில் மேலே வாத்தியார் அதே இடத்தை நிறுத்தித் திருத்துவார்.

ஒருநாள் நூலைப் பல்லால் கடித்தபடியே, "மாடி வகுப்புல எனக்கு இடம் கிடைச்சிருச்சு," என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தானிடம் சொன்னபோது அவர் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அத்தான் பேருந்து ஓட்டுநர். எதற்கும் பதறாத மனிதர். "நல்லதுதான். ஆனா நான் டியூட்டிக்குப் போனப்புறம் வாசி," என்று மட்டும் சொன்னார்.

வயலின் வாங்க நானும் அக்காவும் போனோம். வாத்தியக் கடையில் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு வயலின்களை எடுத்து வைத்தார். ஒன்று முழு அளவு, இன்னொன்று அதைவிடச் சற்றுச் சிறியது. அதை முக்கால் அளவு என்பார்களாம்.

"ரெண்டையும் தாடையில வெச்சுப் பாருங்கம்மா. உங்களுக்குச் சின்னதுதான் சரியா வரும்னு தோணுது."

"சின்னது பிள்ளைங்களுக்குள்ளது இல்லையா?"

"பிள்ளைங்களுக்கும் குடுப்போம். கை சின்னதா இருக்கிற பெரியவங்களுக்கும் குடுப்போம்."

இங்கேதான் எங்கள் தொழில் புத்தி குறுக்கே வந்தது. எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் நாள் முழுக்கச் சொல்கிற ஒரே விஷயம் இதுதான்: வாங்கும்போது ஒரு சுற்றுப் பெரிதாகவே வாங்குங்கள், பெரிதைக் குறைத்துவிடலாம், சின்னதை எங்களாலும் பெரிதாக்க முடியாது. அக்கா என்னைப் பார்த்தாள். நானும் ஏதோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டினேன். "பெருசையே குடுத்துடுங்க," என்றாள். வயலினை எங்கே பிரித்து எங்கே பிடித்துத் தைப்பது என்று எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் உறைக்கவில்லை.

மற்ற சாமான்களிலும் இதே கூத்துதான். தோளில் வைக்கும் தாங்கியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கோட்டுத் தோளுக்கு வைக்கிற ஸ்பாஞ்சுதானே, நானே தைச்சுக்குவேன்," என்று ஒதுக்கினாள். வில்லின் முடியை, துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் நீவப் போனாள். அந்த அம்மாள், "ஐயோ, தொடாதீங்க! கை எண்ணெய் பட்டா வில்லு பிடிக்காது!" என்று அலறினார். வில்லின் முடியில் தேய்க்கிற ரோசின் கட்டியை மட்டும், அது இல்லாவிட்டால் வில் சத்தமே போடாது என்று அவர் சத்தியம் செய்த பிறகு வாங்கினாள்.

வாங்கினாளே தவிர அதை எப்படித் தேய்ப்பது என்று கேட்டாளா? வீட்டுக்கு வந்து வழுவழுப்பான கட்டியில் வில்லை நாலு இழுப்பு இழுத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தாள். காற்றுகூட வரவில்லை. அரை மணி நேரம் கழித்து அத்தான்தான் புதுக் கட்டியின் முகத்தை உப்புத்தாளால் கீறிவிட்டுத் திரும்பத் தேய்க்கச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, உள்ளே இருந்த சீட்டில் போட்டிருக்கிறது, நீங்கள்தான் சீட்டைப் படிப்பதில்லையே என்றார். அடுத்த இழுப்பில் சத்தம் வந்தது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, பூனைக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

சிரிப்பெல்லாம் அந்த முதல் மாதத்தோடு சரி. மாடி வகுப்பில் எட்டே நாற்காலிகள். காத்திருப்பவர்கள் ஏராளம். அதனால் மூன்று மாத முடிவில் வாத்தியார் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்வார். தேறாதவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அக்காவுக்கு ஸ்வரம் தப்பவில்லை, தாளம் தப்பவில்லை. பதினோரு வருஷமாகக் கேட்ட காது அது. ஆனால் சுண்டுவிரல் எட்டவில்லை. எட்ட வைத்தால் மற்ற மூன்று விரலும் நகர்ந்துவிடும். மூன்றாம் மாத ஆரம்பத்தில் வாத்தியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், உயரமானவர், அவர் கைகள் முறம் முறமாக இருக்கும்.

"உங்க காது அருமையான காதும்மா. கைதான் சின்னது. அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. வேற வாத்தியம் ஏதாவது யோசிச்சு வெச்சுக்குங்க."

அக்கா கீழே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"வெளிய அனுப்பிட்டா, நான் இங்க உக்காந்து இதை எப்படிடீ கேப்பேன்?" என்றாள். எங்கள் அம்மா செத்தபோதுகூட என் முன்னால் அழாதவள், அன்று மூக்கைச் சிந்தினாள். தலைவலி என்று நான் பதினோரு வருஷம் திட்டிய சத்தத்துக்காக அன்று நானும் என் மெஷினை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். வேலை செய்யாத நேரமெல்லாம் இடது கை விரல்களுக்கு நடுவே நூற்கண்டுகளைச் செருகிக்கொண்டாள். விரல் அகலுமாம். முதலில் சின்னக் கண்டு, அப்புறம் பெரிய கண்டு. நான் பார்த்தும் பார்க்காததுமாக இருந்தேன். ஒரு காலையில் சுண்டுவிரல் வீங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் அவள் திணறினாள். எனக்கு வந்ததே கோபம்!

"உனக்கென்ன பைத்தியமா? கோட்டு பெருசா இருக்குன்னு யாராவது வந்தா, அவங்க தோளையா இழுத்து விடுறோம்? கையைப் போய் ஆல்டரேஷன் பண்ணிட்டு உக்காந்திருக்கியே!"

அக்கா தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களிலிருந்து நூற்கண்டுகளை ஒவ்வொன்றாக உருவி மேஜைமேல் வைத்தாள். பிறகு இடது கையை என் பக்கம் நீட்டி, "கழுத்தோரத்துலேருந்து உள்ளங்கை நடு வரைக்கும் அளடீ," என்றாள்.

அளந்தேன். இருபத்தொன்றரை அங்குலம். வயலினைத் தாடையில் வைத்துக் கையை நீட்டச் சொன்னேன். தலைப்பக்கச் சுருள் உள்ளங்கையில் உட்காரவே இல்லை. முழங்கையை விறைத்து நீட்டியும் விரல் நுனிவரை துருத்திக்கொண்டு நின்றது. வேறு யாராவது இப்படி ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்திருந்தால், வாசலிலேயே கண்டுபிடித்திருப்போம்.

"மூணு மாசமா அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கேன்," என்றாள் அக்கா. அப்புறம் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்றே வேலை முடிந்ததும் வாத்தியக் கடைக்குப் போனோம். கண்ணாடி அம்மாள் அளவைக் கேட்டதும், "முழு அளவுக்கு இருபத்து மூணு அங்குலமாவது வேணும். நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்றார்.

"சொன்னீங்க. நான்தான் கேக்கல. தப்பு என்னோடது. மாத்திக் குடுங்க."

பழகின வாத்தியத்தைத் திரும்ப எடுப்பதில்லை என்று அவர் மறுத்தார். அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். "ஒரு கீறல் இருந்தா நான் இப்பவே திரும்பிப் போயிடுறேன்," என்று சொல்லி வயலினை வெளியே எடுத்தாள். முதல் வாரமே அவள் அதற்கு உள்ளே ஃபிளானல், வெளியே தடித்த பருத்தி வைத்து, வளைவுக்கு வளைவு ஒட்டி நிற்கிற ஓர் உறை தைத்திருந்தாள். அந்த அம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. ஆனால் அவர் கை உறையைத்தான் விடவில்லை.

"இதை யாரு தைச்சது?"

பேச்சு சுலபமாக முடிந்தது. அவர் வயலினை மாற்றித் தருவார், அக்கா கடைக்கு இதே மாதிரி பத்து உறை தைத்துத் தருவாள். பிரிக்கிற வேலை இல்லாததால் வெட்டுகிற வேலை என் தலையில் விழும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த முறை அக்கா அக்காவாக இருந்தாள். மூன்று முக்கால் வயலின்களை வரிசையாக வைக்கச் சொன்னாள். ஓரங்களில் மரம் சேரும் இடங்களைத் தையல் பார்க்கிற கண்ணால் பார்த்தாள். தந்தியை முறுக்குகிற முளைகளைத் திருகி, வழுக்காமல் நிற்கிறதா என்று சோதித்தாள். ஒவ்வொன்றையும் தாடையில் வைத்துக் கையை நீட்டினாள். மூன்றும் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தன, முழங்கை இயல்பாக மடங்கி நின்றது. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, மூன்றிலும் ஒரே பாட்டை வாசித்துக் காட்டும்படி அந்த அம்மாளைக் கேட்டாள்.

"முதலாவது மூக்கடைப்போட பேசுது. ரெண்டாவது கத்துது. மூணாவதைக் குடுங்க."

வில்லும் அதே அளவில் சின்னதாக வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். பேன்ட் மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக் குச்சியை நீளவாட்டில் பார்த்தாள். முடியைத் தொடவில்லை. தோள் தாங்கியையும், தான் தைத்த ஸ்பாஞ்சையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களோடதுதான் நழுவாம நிக்குது," என்று தோல்வியை ஒப்புக்கொண்டாள். அக்கா தோல்வியை ஒப்புக்கொண்டதை என் வாழ்நாளில் அன்று ஒரே நாளில் இரண்டு தடவை பார்த்தேன்.

அளவு குறைந்தால் விரல் வைக்கிற இடங்களும் நெருங்கி வரும். அதனால் முதல் மூன்று நாள் எல்லாமே தப்பாகப் போனது. அவள் அசரவில்லை. வீக்கம் வடிந்தது. நாலாம் நாள் விரல்கள் தாமாகவே இடத்தைக் கண்டுபிடித்தன. ஆறாம் நாள் அத்தான் டியூட்டிக்குக் கிளம்பாமல் வாசலில் செருப்போடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பரீட்சை நாளன்று வேலை நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு நானும் மாடி ஏறினேன். அப்படிப் பூட்டியது அதுதான் முதல் தடவை. பதினோரு வருஷத்தில் நான் அந்த அறையைப் பார்த்ததில்லை. எட்டு நாற்காலி, ஒரு கரும்பலகை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அக்கா ஐந்தாவதாக எழுந்தாள். வாத்தியார் அவள் கையில் இருந்ததைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"இது பிள்ளைங்க வாசிக்கிறதாச்சேம்மா."

"என் கைக்கு அளந்து வாங்கினது சார். நீங்க கேளுங்க."

அவள் வாசித்தாள். ஏறும்போது ஒவ்வொரு ஸ்வரமும் நின்று விளங்கியது. உச்சிக்கு வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுண்டுவிரல் போய், எட்டி இழுக்காமல், நடுங்காமல், தன் இடத்தில் அமர்ந்தது. மற்ற மூன்று விரலும் அசையவில்லை. அந்த ஸ்வரம் சுத்தமாக, நீளமாக, அறை முழுக்க நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை.

வாத்தியார் எழுந்து வந்து அவள் விரல்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும், "நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. உங்க கையில ஒரு குறையும் இல்ல. அளவைப் பாத்திருக்க வேண்டியவன் நான்," என்றார். அடுத்த பருவத்துக்கான ஏட்டை இழுத்து அவள் பெயரை எழுதினார். "உக்காருங்க. நீங்க தேறிட்டீங்க."

அக்கா உட்காரவில்லை.

"சார், இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?"

"தேறிட்டீங்கன்னு சொல்லிட்டேனேம்மா. எதுக்கு?"

"அது உங்களுக்காக வாசிச்சது. இப்ப எனக்காக."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்து வாசிக்க வேண்டியவர் தன் வயலினை மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா முதல் ஸ்வரத்திலிருந்து திரும்ப ஆரம்பித்தாள்.