காலாட்டும் தம்பி

என் தம்பி உட்கார்ந்தால் அவன் வலது கால் சும்மா இருக்காது. குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பள்ளியில் அவன் பெஞ்சில் இருந்தவர்கள் யாருக்கும் கையெழுத்து நேராக வந்ததில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் தளும்பும். "காலை ஆட்டாதே" என்று நான் சொல்லாத நாள் இல்லை.

எட்டாம் வகுப்போடு நான் தையலுக்குப் போய்விட்டேன். அவன் படித்து, உடம்பில் அணியும் கருவிகள் செய்யும் சிறிய கம்பெனியில் சேர்ந்தான். வளைந்தால் துளி மின்சாரம் தரும் மெல்லிய தகட்டைக் கணுக்கால் பட்டைக்குள் வைத்து, பேட்டரி இல்லாமலே நாடித்துடிப்பு பார்க்கும் கருவியை ஓட்டினான்.

"நடக்கிறவங்களுக்கு எல்லாரும் செய்றாங்கக்கா. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறவங்களுக்கு யார் செய்றா?" என்றான்.

பட்டை தைத்தது நான். தகடு வளைய வேண்டும், ஆனால் இடம் நகரக் கூடாது. ஏழு முறை பிரித்துத் தைத்தேன்.

அதைத் தயாரிக்கலாமா என்று பார்க்க ஒரு தொழிற்சாலையின் முதலாளியம்மா வந்தார். தம்பி பட்டையைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் நாற்காலியில் இருக்க வேண்டும். திரையில் நாடி எண் அணையாமல் இருந்தால் சரி. அணைந்தால் அவனுடைய இரண்டு வருட உழைப்பு அலமாரிக்குள் போய்விடும். தைத்தவள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

ஏழாவது நிமிடம் எண் அணைந்தது. தம்பி ஒயர்களைத் தடவிப் பார்த்தான். நான் அவன் காலைப் பார்த்தேன். நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றது. நடந்து வந்ததில் சேர்ந்திருந்த மின்சாரம் அவ்வளவுதான். காலையில் சட்டைக்கு இஸ்திரி போடும்போது, பெரியவர்கள் முன்னால் மானத்தை வாங்காதே என்று நான் வாங்கிய சத்தியம் அது.

"தப்பு என்னோடதுங்க. நான்தான் காலை ஆட்டக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன்" என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பட்டையைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, கொண்டுவந்த காகிதங்களைப் படிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் எண் வந்தது. இருபது நிமிடமும் அணையவில்லை.

"நான் அசையவே இல்லையே, எப்படி?" என்றார்.

எல்லோரும் மேஜைக்கு அடியில் பார்த்தோம். அவர் செருப்பு கால் நுனியில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. அவரும் குனிந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். முதலில் ஐநூறு பட்டை செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாப்பிடும்போது மேஜை ஆடியது. நான் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.