பாஸ்டர் ருசி பார்த்த வெள்ளிக்கிழமை

மெத்தைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது அந்தச் சபை. எழுபது நாற்காலி போட்டால் மூச்சு முட்டுகிற கூடம். பாஸ்டருக்கு வயது இருபத்தெட்டு. மீசையை நம்பி முப்பது என்று சொல்லிக்கொள்ளலாம். மீசைதான் இன்னும் ஒத்துழைக்கவில்லை. அங்கே போதகர் அவர்தான், வாட்ச்மேன் அவர்தான், மைக் கரகரத்தால் ஒயரைத் திருகிப் பார்க்கிற எலக்ட்ரீஷியனும் அவர்தான். இவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேலை, மற்ற ஆறு நாளும் ஓய்வு என்று கீழே இருக்கும் மெத்தைக் கடைக்காரர் மனப்பூர்வமாக நம்புகிறார்.

அந்த ஆறு நாள் ஓய்வில் பாஸ்டர் செய்வது இது: ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போவார். எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். பிறகு வீடு சந்திப்பு. வீடு சந்திப்பு என்றால் சாப்பாடு. ஒரே சாயங்காலத்தில் நாலு வீடு, நாலு தட்டு. எந்த வீட்டில் என்ன வைத்தாலும், கருகியிருந்தாலும் ஊசிப்போயிருந்தாலும், தட்டைக் காலி செய்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்பார். ஊழியத்துக்கு வந்த இரண்டு வருஷத்தில் அந்த மூன்று வார்த்தை, கேட்பதற்கு முன்பே வாயிலிருந்து வரப் பழகிவிட்டது.

"இவர்கிட்ட சமையல் எப்படி இருக்குன்னு கேட்கிறதும் ஒண்ணுதான், சுவத்துக்கிட்ட கேட்கிறதும் ஒண்ணுதான்" என்பார் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கும் அவர் மனைவி.

பாஸ்டரின் பேர் பரவியது பிரசங்கத்தால் அல்ல. பிரசங்கம் சுமார்தான், அவருக்கே தெரியும். ஜெபம்தான் அவர் பலம். இறையியல் கல்லூரியில் யாரோ அவருக்கு, "பொத்தாம்பொதுவாக ஜெபிக்காதே, குறிப்பாக ஜெபி" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். யாருக்கு, எந்த முழங்கால், இடதா வலதா, எத்தனை நாளாக வலி, டாக்டர் என்ன சொன்னார் என்பது வரை ஆண்டவருக்குத் தெரிவித்துவிடுவார். தங்கள் பேச்சை இவ்வளவு கவனமாக ஒருவர் கேட்டிருக்கிறாரே என்று சபையார் உருகிப்போவார்கள். கண்ணை மூடிவிட்டால் தான் எங்கே இருக்கிறோம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பாஸ்டருக்கு மறந்துவிடும். வினை அங்கேதான் வந்தது.

சபையில் சமையல்கார அக்கா ஒருவர் உண்டு. ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் பத்தொன்பது வருஷமாகத் தலைமைச் சமையல் அவர்தான். மூன்று மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது அக்காவின் நாக்கு ருசியையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது. கை அளவாலேயே காலம் தள்ளியவர், யாருக்கும் தெரியாமல் அளவுக் கரண்டி வாங்கி, எண்ணி எண்ணிப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் பாஸ்டரை நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றார்.

பாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. ஆண்டவரிடம் மட்டும்தான் சொன்னார். என்ன, சத்தமாகச் சொன்னார். புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில், கண்ணீர் மல்க, "கேன்டீன்ல சமைக்கிற எங்க சகோதரிக்கு மூணு மாசமா செத்துப்போன நாக்குக்கு உயிர் கொடும் ஆண்டவரே" என்று சொன்னார். அது அந்தக் கேன்டீன் மேனேஜரின் வீடு. மேனேஜரம்மா சபையில் அங்கத்தினர். மேனேஜர் ஜெபத்துக்கு வருவதில்லை. பக்கத்து அறையில் பேப்பர் விரித்துவைத்திருப்பார், காது மட்டும் இங்கே இருக்கும்.

பாஸ்டர் கண்ணைத் திறந்தபோது அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள் கேன்டீனில் எல்லோருக்கும் திடீரென்று நாக்கு நீண்டுவிட்டது. முந்தின நாள் வரை வழித்துச் சாப்பிட்டவர்கள் சூப்பில் உப்பு இல்லை என்றார்கள். அதே சூப்பில் உப்பு அதிகம் என்றார்கள் அடுத்த மேசைக்காரர்கள். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு குறை வந்தால், சனிக்கிழமையிலிருந்து அக்கா பாத்திரம் கழுவுகிற பக்கம் போய்விட வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் பாஸ்டர் மைக் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மாடியேறி வந்தார். உட்காரவில்லை.

"ஆண்டவருக்குக் காது கேட்காதா பாஸ்டர்?"

"அக்கா, நான் வேணும்னு…"

"அவர்கிட்ட சொல்லச் சொன்னேன். ஊருக்கா சொல்லச் சொன்னேன்? பத்தொம்போது வருஷம் அடுப்புக்கு முன்னாடி நின்னவளை இப்ப எச்சித்தட்டு கழுவ வச்சுட்டீங்களே."

பாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேனேஜர் வீட்டுக்கு ஓடினார். மேனேஜர் மரியாதையாக உட்காரவைத்தார்.

"அப்ப நீங்க ஜெபத்துல சொன்னது பொய்யா பாஸ்டர்?"

"பொய் இல்லைங்க…"

"உண்மைதானே? ருசி தெரியாதவங்களை வச்சு நான் எப்படி கேன்டீன் நடத்துறது, நீங்களே சொல்லுங்க."

பாஸ்டர் மேனேஜரம்மா கொண்டுவந்த கேக்கைச் சாப்பிட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வழியில் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். நேராக அக்கா வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று, "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கக்கா, செய்றேன்" என்றார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. என் நாக்கை ஊருக்குக் காட்டிக் கொடுத்தீங்கல்ல? உங்க நாக்கைக் கொண்டு வாங்க."

வெள்ளிக்கிழமை காலையில் பாஸ்டர் தலையில் காகிதக் குல்லாயும் இடுப்பில் ஏப்ரனுமாக அந்தச் சமையலறையில் நின்றார். ஏப்ரன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மூட்டை வெங்காயத்தை உரித்து, பிரசங்கத்தில் விடாத கண்ணீரை எல்லாம் அங்கே விட்டார். நூற்றைம்பது பேருக்கான சூப் கொதித்தது. அக்கா அளவுக் கரண்டியால் உப்பை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தபோது, காய் நறுக்குகிறவள் வந்து கேரட் போதுமா என்று கேட்டாள். பதில் சொல்லித் திரும்பிய அக்காவுக்குக் கணக்கு விட்டுப்போனது. பன்னிரண்டா, இருபதா?

"பாஸ்டர், ருசி பாருங்க."

பாஸ்டர் வாயில் வைத்தார். கரண்டி உதட்டை விட்டு வரும் முன்பே, "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றார்.

"இன்னொரு தடவை பாருங்க."

"ரொம்ப நல்லா…"

"பாஸ்டர்!" அக்கா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "போன மாசம் என் வீட்டுல சாப்பிட்டீங்களே, அன்னைக்கு நான் உப்பே போடல. நீங்க போனப்புறம் என் பொண்ணுதான் சொன்னா. நீங்க தட்டை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, இந்த மாதிரி சாப்பிட்டதே இல்லைன்னு சொல்லிட்டுப் போனீங்க. இன்னைக்கு எனக்கு அந்த நாக்கு வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் பயப்படாதவர், சண்டை வீட்டுக்குள் துணிந்து நுழைகிறவர், சமைத்தவளின் முகத்துக்கு நேரே ஒரு குறை சொல்ல முடியாமல் தவித்தார். அக்காவின் கண்ணைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, வெறும் பயம்தான் இருந்தது. தன்னால் வந்த பயம். அது அவரை உலுக்கிவிட்டது.

"உப்பு கூடிப்போச்சுக்கா" என்றார். "ரொம்பக் கூடிப்போச்சு. வாயில வைக்க முடியல."

காய் நறுக்குகிறவளின் கத்தி நின்றது. அக்கா நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு பாடு?"

பாதி சூப்பை வேறு பானையில் ஊற்றி, தண்ணீரும் உருளைக்கிழங்கும் சேர்த்தார்கள். பாஸ்டர் ஏழு தடவை ருசி பார்த்தார். இன்னும் உப்பு இருக்கு என்றார். மிளகு பத்தல என்றார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. யாரும் கேட்காமலே ரொட்டி வரட்டியாக இருக்கிறது, தக்காளி பழுக்கவில்லை என்று ஆரம்பித்தார். "போதும் பாஸ்டர், கடைய மூடுங்க" என்று அக்காதான் அடக்கவேண்டியிருந்தது.

முப்பது பேரும் சாப்பிட்டார்கள். குறை வரவில்லை. பானைகள் காலியாகித் திரும்பின. பின்னாலேயே மேனேஜரும் வந்தார், முகமெல்லாம் பல்லாக.

"சூப் பிரமாதம். வீட்டுல காலையிலயே சொல்லிட்டாங்க, பாஸ்டர் விடிய விடிய ஜெபம் பண்ணியிருப்பார், இன்னைக்கு அற்புதம் நடக்கும்னு. ருசி திரும்பி வந்துடுச்சு, அப்படித்தானே பாஸ்டர்?"

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். அக்காவின் வேலை தப்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லக் கூட்டம் கூடும், எழுபது நாற்காலி பத்தாது. பாஸ்டருக்கு ஆசை வந்தது. ஆசை வரவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். இல்லை, ருசி திரும்பவில்லை என்று உண்மையைப் போட்டு உடைக்கவும் வாய் துடித்தது. இரண்டையும் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"அதை அக்காகிட்ட கேளுங்க சார். அது அவங்க சொல்ல வேண்டியது."

அக்கா பாஸ்டரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"வரல சார். இன்னைக்கு பாஸ்டர்தான் ருசி பார்த்தாரு. மூணு மாசமா எனக்கு ஒண்ணும் தெரியல. அந்த மூணு மாசமும் நீங்க தினம் ரெண்டாவது தட்டு வாங்கிட்டுத்தான் இருந்தீங்க."

மேனேஜர் குனிந்து தன் வயிற்றை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கடைசியில், "காய் நறுக்குற பொண்ணு ருசி பார்க்கட்டும்" என்றார். "திங்கட்கிழமை எட்டு பேர் கூட வர்றாங்க. அதுக்கும் சேர்த்துச் செய்யுங்க." போகிற போக்கில் பானையை எட்டிப் பார்த்தார். மிச்சம் இல்லை.

அவர் போனதும் அக்கா கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் உட்கார்ந்தார். அடக்கிவைத்திருந்த அழுகை வந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லப் பாஸ்டருக்குத் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெரிய பானையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூப்பிட்டார். "பாஸ்டர்."

"சொல்லுங்கக்கா."

"என் நாக்குக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க." பிறகு அவசரமாக, "வாயைத் திறக்காம" என்றார்.

பாஸ்டர் சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்று கண்ணை மூடினார். வெகுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று அக்காவுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது.