அரைச் சொம்புத் தண்ணீர்

சுடுதரையில் தண்ணீர் விழுந்தால் எனக்கு இரண்டு சத்தம் கேட்கும். முதலில் ‘சொய்ங்’. அப்புறம், கரிசல் வாசனை எழும்பி மூக்கைத் தொட்டதும், என் தங்கை புருஷன் மூச்சை உள்ளே இழுத்த சத்தம். இன்று காலை எங்கள் தெருமுனையில் தண்ணீர் லாரி ஒன்று குலுங்கிக் கொஞ்சம் சிந்திவிட்டுப் போனது. அவ்வளவுதான், அந்த வைகாசிப் பகல் மொத்தமும் வந்து வாசலில் நின்றுவிட்டது.

தங்கை மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போயிற்று. பையனுக்குக் கன்னியாகுமரிப் பக்கம், வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு ஓடும் ஊர். தங்கைக்குச் சம்மதம். அவள் புருஷன், அருப்புக்கோட்டையில் வத்தல் கடை வைத்திருப்பவர், பிடிகொடுக்கவில்லை. பையனின் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். அந்த அப்பாவோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். மருமகளாக வரப்போகும் பிள்ளையின் நாட்டை ஒரு நாள் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டாராம்.

சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. இந்த வறண்ட பூமியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவன் நான். எழுதுவதில் ஒரு வசதி, யாரும் நேரில் வந்து சரிபார்ப்பதில்லை.

முந்தின நாள் தங்கை மகள் போன் பண்ணினாள். “மாமா, கலாச்சாரம், வரலாறு, இயற்கை, மூணையும் சாயங்காலத்துக்குள்ள காட்டிருங்க. கவிதை மாதிரி மட்டும் பேசிராதீக.”

தங்கை புருஷன் காரை ஓட்டினார். வந்தவரை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார், கடைக்கு வரும் வரி ஆபீசரைக் கூப்பிடுவது போல. வரலாறு திருச்சுழிக் கோயிலில் முடிந்தது. அவர் எந்தத் தூணைத் தொட்டுக் கேட்டாலும் பாண்டியர் காலம் என்றேன். பாதியாவது சரியாக இருக்கும்.

அடுத்தது இயற்கை. குண்டாற்றுப் பாலத்தில் காரை நிறுத்தச் சொன்னார்.

“இந்தப் பாலம் எதுக்காக்கும்?”

கீழே ஆறு என்றேன். எட்டிப் பார்த்தார். ஆற்றின் நடுவில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் எங்கள் பக்கத்து ஏரியான கண்மாயைக் காட்டக் கூட்டிப்போனோம். கொஞ்ச நேரம் கருவேல முள்ளுக்குள் நடந்தபின் கண்மாய் எப்போது வரும் என்று கேட்டார். அதற்குள்ளேதான் நடந்துகொண்டிருக்கிறோம் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கை புருஷன் சொன்னார்.

ஆனால் மனிதர் கரையில் ஏறி நின்றதும் அப்படியே நின்றுவிட்டார். அடிவானம் வரைக்கும் கருப்பு மண், அங்கங்கே ஒற்றைப் பனை, மீதியெல்லாம் ஆகாயம். அவருடைய ஊரில் தென்னை மட்டையை விலக்கித்தான் ஆகாயத்தைப் பார்க்க வேண்டுமாம். இங்கே வஞ்சகமில்லாமல் மொத்தமும் கிடக்கிறது என்றார். தங்கை புருஷன் முகம் இளகியது. நொங்கு வாங்கிக் கொடுத்தார். இருவரும் ஒரே சர்க்கரை மாத்திரைதான் போடுகிறார்கள் என்று தெரிந்தபோது நான் மனசுக்குள் கல்யாண மண்டபமே பிடித்துவிட்டேன்.

கலாச்சாரத்துக்குப் பாலவனத்தம் பக்கத்தில் தங்கை புருஷனின் அக்கா வீடு. வந்தவருக்கு முதலில் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பது எங்கள் வழக்கம். அவர் பாதி குடித்தார். மீதியை, பேச்சை நிறுத்தாமலே, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றி முற்றத்தில் வீசினார்.

சொய்ங்.

தங்கை புருஷன் மூச்சை உள்ளே இழுத்தார். ஒரு கோழி ஓடிவந்து பார்த்தது. அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. அக்கா அந்த இடத்தையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். குழாயில் தண்ணீர் வரும் நாளை வைத்துத்தான் எங்கள் தெருக்களில் கிழமையே கணக்கு. கை கழுவிய தண்ணீர்கூட முருங்கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

திரும்பும் வழியில் டீக்கடையில் தங்கை புருஷன் என்னைத் தனியே இழுத்தார்.

“மச்சான், இது சரிவராது. சொம்புத் தண்ணிய வீசுற வீட்டுக்கு எம்பிள்ளைய எப்படி அனுப்ப?”

“மாப்ள, அவுகளுக்கு வீட்டுக்குப் பின்னாலயே ஆறு. நமக்குக் காத்து மாதிரி அவுகளுக்குத் தண்ணி.”

“நாம என்ன காத்தை வீசியா எறியுறோம்?”

எழுதுகிறவனுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் பதில் வரும்.

அவர் வண்டிக்குக் காற்றடிக்கப் போன நேரத்தில், விருந்தாளி தான் ஏதும் தப்பாக நடந்துகொண்டாரா என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். நொந்துபோனார். அவர்கள் பக்கத்தில் குடித்த மிச்சத்தைச் சொம்பிலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தால் அதுதான் மரியாதைக் கேடாம். எச்சில் தண்ணீரை ஒரு பெண்பிள்ளை கையில் எப்படிக் கொடுப்பது என்றுதான் வீசினாராம். மரியாதை இரண்டும் முற்றத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது. தெரிந்தது அந்தக் கோழிக்கு மட்டும்தான்.

சாயங்காலம் அருப்புக்கோட்டை வீட்டிலிருந்து அவர் புறப்படும்போது தங்கை சொம்பை நீட்டினாள். வீட்டிலேயே பெரிய சொம்பு. அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்தார். தொண்டை ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, நிற்கவே இல்லை. முடித்ததும் சொம்பைக் கவிழ்த்தார். விளிம்பில் தொங்கிய சொட்டை உள்ளங்கையில் ஏந்தி, தீர்த்தம் மாதிரித் தலையில் தடவிக்கொண்டார்.

தங்கை புருஷன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு சொம்பு கொண்டா” என்றார் தங்கையிடம். அது உபசாரமா, பரீட்சையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. விருந்தாளி அதையும் குடித்தார்.

பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அசையாமல், மிகவும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கை புருஷன் டிரைவர் பக்கம் போய் ஏதோ பேசினார். பிறகு ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“கோவில்பட்டி வரைக்கும் அடக்க வேணாம், சம்பந்தி. டிரைவர்ட்ட சொல்லிட்டேன், கேட்ட இடத்துல ஓரங்கட்டுவாரு.”