நாற்பத்திரண்டு விமானங்களின் நேரக் காப்பாளர்

திருமங்கலம் பேருந்து நிலையத்தில் முப்பத்தோராண்டு நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் பேச்சிமுத்து. எந்த வண்டியையும் ஒரு நிமிடம் முன்னதாக விட்டதில்லை, பின்னதாகவும் விட்டதில்லை. ஓய்வுக்குப் பின் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. திரையில் மதுரை விமான நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. தாமாகவே பறக்கும் செயற்கை நுண்ணறிவு விமானங்களைச் சேர்க்கும் மென்பொருளை நிறுவி, டவுன் பஸ்ஸுக்குப் போடுவதுபோல், நான்கு நிமிடத்துக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு விமானங்களுக்கு அட்டவணை எழுதினார்.

மனைவி அன்னக்கொடிக்கோ அந்த மேசை இருந்த இடம் வேண்டும். புதிதாக வாங்கிய தையல் இயந்திரம் வாசலிலேயே நின்றது. ஒப்பந்தம் ஆயிற்று: ஞாயிறன்று மதியச் சாப்பாட்டுக்குள் விமானத்தைச் சேதமின்றி மதுரையில் இறக்கிக் காட்டினால் கணினி முன்னறையில் இருக்கும், இல்லையேல் மாடித் தகரக் கொட்டகைக்குப் போகும். அந்த வெக்கையில் கணினி ஒரு வாரம் தாங்காது.

ஞாயிறு காலை திரையில் சென்னையிலிருந்து கிளம்பினார். அழகர்மலையை நெருங்கியதும், முன்னே பதினாறு விமானங்கள் இருப்பதால் காத்திருக்குமாறு கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் பணித்தது. காத்திருந்தார்.

"அழகர்மலைய அஞ்சு சுத்து சுத்திட்டீக மச்சான். ஏதும் நேந்துக்கிட்டீகளா?" என்றான் மைத்துனன் ஜெயபாண்டி. "எண்ணெய் முள்ளு படுத்திருச்சு. இந்தப் பட்டனத் தட்டுங்க, மத்த ப்ளேன் பூரா மறைஞ்சிரும்."

"முறைப்படி வந்து நிக்கிற வண்டிய அழிச்சிட்டு நாம முந்துறதா? போ மாப்ள."

அன்னக்கொடி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஆளே இல்லாத வண்டிக்கு இம்புட்டு மரியாதையா! நான் மூச்சிரைக்க ஓடியாந்த அன்னைக்கி எனக்காக எந்த பஸ்ஸ நிறுத்துனீக?"

"நேரம்னா நேரந்தான்."

முந்தானையில் கையைத் துடைத்தவள், எட்டி அந்தப் பட்டனைத் தட்டிவிட்டாள். வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. விமானம் ஓடுதளத்தில் பூப்போல இறங்கியது. ஜெயபாண்டி விசிலடித்தான்.

பேச்சிமுத்துவின் முகம் மட்டும் மலரவில்லை. "இது செல்லாது. அஞ்சு வண்டி இறங்குனது போக, முன்னால நின்ன பதினோரு வண்டியோட முறையக் கெடுத்துட்டு இறங்கியிருக்கேன்."

"செல்லாதா? நீங்களே சொல்லிட்டீகளா?"

"ஆமா."

"சரி. தம்பி, தையல் மிசின உள்ள தூக்கியா."

கணினியைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுகையில், மூன்றாவது படியில்தான் பேச்சிமுத்துவுக்கு ஓர் ஐயம் எழுந்தது: இத்தனை காலம் தம்மோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, பட்டனைத் தட்டும்போதே தாம் என்ன சொல்வோம் என்பது தெரிந்திருக்குமோ?